வெள்ளைக் கம்பி என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"அண்ணாச்சி, தாத்தா 1958இல் கட்டிய வீட்டுக்குப் போன மாதம் வயரிங் முழுதும் மாற்றினோம். பழைய ஒயர் இரண்டு சாக்கு இருக்கிறது. ஒன்றில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர், இன்னொன்றில் கறுப்பு ரப்பர் உறையும் நூல் சுற்றும் உள்ள ரொம்பப் பழைய ஒயர். கூடவே கருகிப்போன 1 எச்பி கிணற்று மோட்டார், மூன்று ஃபேன், ஒரு செம்பு வெந்நீர்ப் பானை, அம்மாவின் உருளி (வாயகன்ற சமையல் பாத்திரம்), பழைய தண்ணீர்க் குழாய்த் திருகுகள், ஃபிரிட்ஜ் கம்ப்ரசர். வாசலுக்கு வந்த ஆக்கர்காரர் (பழைய சாமான் வாங்குகிறவர்) ரப்பர் ஒயரைக் கீறிப் பார்த்து, 'இது வெள்ளைக் கம்பி, அலுமினியம், கிலோ 100தான், மற்றதெல்லாம் சேர்த்துக் கிலோ 350 போட்டுத் தருகிறேன்' என்றார். ஒயரை எரித்துக் கம்பியாகக் கொடுத்தால் விலை கூடும் என்கிறான் தம்பி. ஸ்டெர்லைட் மூடியபிறகு இங்கே செம்புக்கு விலையே இல்லை, தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பார் என்கிறார் அத்தான். நான் என்ன செய்ய?"

தங்கச்சி, முதலில் அந்த ஆளிடம் கொடுக்காமல் எனக்கு எழுதினீர்களே, அதுவே பெரிய காரியம். கோட்டாறு பக்கம் பழைய உலோகம் வாங்கி விற்பதுதான் என் தொழில், அதாவது நான் வாங்குகிற பக்கத்தில் நிற்பவன், அதனால் வாங்குகிறவன் எங்கே லாபம் பார்க்கிறான் என்பதைத் தெரிந்தே சொல்கிறேன். செம்புக்கு நல்ல விலை கடையில் பேரம் பேசி வருவதில்லை. கடைக்குப் போவதற்கு முன்னால், உங்கள் வீட்டுத் திண்ணையில், எது எது என்று பிரித்து வைக்கும்போதே வந்துவிடுகிறது. நீங்கள் பிரிக்காமல் கொடுத்தால் வாங்கியவன் அவன் கொட்டகையில் பிரிப்பான், அந்தப் பிரிப்புக் காசு முழுக்க அவனுக்கு. சாளையையும் நெய்மீனையும் ஒரே கூடையில் கொட்டிவைத்துக் கிலோ என்ன என்று கேட்டால் சாளை விலைதானே சொல்வார்கள், அதேதான் இங்கேயும். உங்கள் சாமானில் நான் கணக்குப் பார்த்தவரை ஏழெட்டு வகை இருக்கிறது, ஏழெட்டுக்கும் வேறு வேறு விலை. எல்லாம் சேர்த்து 350 என்பது அதில் மலிவானதை வைத்துச் சொன்ன விலை.

இப்போது அந்த "வெள்ளைக் கம்பி"க்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நாற்காலியை விட்டு எழுப்பியது அந்த ஒரு வரிதான். 1950களில் வீட்டு வயரிங்குக்கு வந்தது பெரும்பாலும் ரப்பர் உறை போட்ட ஒயர். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள், கந்தகம் செம்பைத் தொட்டால் கறுத்துப்போய் அரிக்கும், அதனால் செம்புக் கம்பிக்கு மேலே வெள்ளீயத்தை மெல்லிசாகப் பூசித்தான் ரப்பருக்குள் விட்டார்கள். உரித்தவுடன் பார்த்தால் வெள்ளி மாதிரி இருக்கும், உள்ளே அத்தனையும் செம்பு. இதைத் தெரியாமல் அலுமினியம் என்று சொல்கிறவர்களும் உண்டு, தெரிந்தே சொல்கிறவர்களும் உண்டு, உங்கள் வாசலுக்கு வந்தவர் எந்த வகை என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அலுமினியமாகவே இருக்கவும் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் பிற்பாடு செம்பு கிராக்கியான காலத்தில், அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை, ஏராளமான வீடுகளில் அலுமினிய ஒயர்தான் இழுத்தார்கள். உங்கள் வீட்டிலும் இடையில் யாராவது ஒரு அறைக்கு மட்டும் மாற்றியிருக்கலாம். ஆக, சாக்கு முழுக்க ஒன்று என்று நினைக்காமல் ஒவ்வொரு துண்டாகப் பாருங்கள்.

பார்ப்பதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம், ஒரு பிளேடு போதும். கம்பியின் பக்கவாட்டில் பிளேடை வைத்துச் சுரண்டுங்கள், சிவப்புத் தெரிந்தால் செம்பு, எவ்வளவு சுரண்டினாலும் வெள்ளையாகவே இருந்தால் அலுமினியம். சந்தேகமாக இருந்தால் கட்டிங் பிளேயரால் வெட்டி, வெட்டுவாயை வெயிலில் பாருங்கள். எடையும் காட்டிக்கொடுக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு மீட்டருக்கு 9 கிராம் இருக்கும், அதே தடிமன் அலுமினியம் 2.7 கிராம்தான், கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். அலுமினியக் கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக மடக்கினால் சீக்கிரம் ஒடியும், செம்பு தாக்குப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு, அது இரும்பைப் பிரிக்க மட்டும்தான் உதவும், ஏனென்றால் செம்பிலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது.

இதற்கு நேர் எதிரான ஏமாற்று வேலையும் இருக்கிறது. இப்போது வருகிற மலிவு சார்ஜர் ஒயர், ஸ்பீக்கர் ஒயர், சில இன்டர்நெட் கேபிள் எல்லாம் வெளியே செம்பு நிறம், உள்ளே அலுமினியம். வெட்டுவாயில் சுரண்டினால் வெள்ளை வரும். அதை நல்ல செம்போடு சேர்த்துக் கட்டினால் வாங்குகிறவர் கண்ணில் படாமல் போகாது, பட்டதும் உங்கள் மூட்டை முழுதையும் சந்தேகப்பட்டு விலையை இறக்குவார். அதைத் தனியாக வையுங்கள்.

வெள்ளீயம் பூசிய செம்பு, பளபளவென்று இருக்கும் வெறுங்கம்பிக்குள்ள முதல் தர விலைக்குப் போகாது, ஒரு படி குறைத்துத்தான் எடுப்பார்கள், அது நியாயம்தான், உருக்கும்போது அந்த வெள்ளீயம் செம்பில் கலப்படமாக நிற்கும். ஆனால் ஒரு படி குறைவது வேறு, கிலோ 100 என்பது வேறு. அந்தச் சாக்கு உண்மையிலேயே செம்பாக இருந்தால் உங்கள் கைக்கு வரவேண்டிய பணத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. பழைய ரப்பர் காய்ந்து பொருபொருவென்று ஆகியிருக்கும், இரண்டு விரலால் இழுத்தாலே உதிரும், உரிப்பது சுலபம். ஆனால் அந்தத் தூளை மூச்சில் இழுக்காதீர்கள், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து உரித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம்.

அடுத்து பிளாஸ்டிக் ஒயர். இதை உரித்துக் கொடுப்பதா, உறையோடு கொடுப்பதா என்று எல்லாரும் கேட்பார்கள். பதில் ஒயரின் தடிமனில் இருக்கிறது. ஒன்று செய்யுங்கள், அடுக்களைத் தராசில் சரியாக 100 கிராம் ஒயரை வெட்டி வைத்து, அதை உரித்து, கம்பியை மட்டும் திரும்ப எடை போடுங்கள். 65 கிராம் வந்தால் அந்த ஒயரில் நூற்றுக்கு 65 பங்கு செம்பு என்று அர்த்தம். தடித்த ஒயரில் கூடும், மெல்லிய ஒயரில் குறையும், பல இழை ஓடுகிற டெலிபோன் மாதிரி ஒயரில் ரொம்பவே குறையும். பிறகு கணக்கு எளிது. புரிவதற்காக, உரித்த கம்பிக்குக் கடையில் கிலோ 800 சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 65 என்றால் ஒரு கிலோ ஒயருக்குள் 520 ரூபாய்ச் செம்பு இருக்கிறது. உறையோடு 450 தருகிறேன் என்றால், உரிப்பதற்கு உங்களுக்குக் கிடைக்கிற கூலி கிலோவுக்கு 70 ரூபாய். மோட்டாருக்கும் அடுக்களைக்கும் இழுத்த தடித்த ஒயரை உரித்தால் அந்தக் கூலி கட்டும், ஃபேனுக்கும் லைட்டுக்கும் போன மெல்லிய ஒயருக்குக் கட்டாது, விரல்தான் வலிக்கும். உறையோடு 300 என்கிறவரிடம் மட்டும், நூற்றுக்கு 65 நிற்கிறது என்று அந்த 100 கிராம் கணக்கைச் சொல்லுங்கள். வீட்டில் எடை போட்டுப் பார்த்துவிட்டு வந்த ஆளிடம் யாரும் அதிகம் விளையாட மாட்டார்கள்.

தம்பி சொன்னதற்கு என் பதில், எரிக்கவே கூடாது. இதில் எனக்குக் கோபமே வரும், ஏனென்றால் சாயங்காலம் தென்னந்தோப்புக்குள் காய்ந்த ஓலையைப் போட்டு ஒயரை எரிக்கிற நாற்றம் நம் மாவட்டத்தில் பல இடத்தில் இன்னும் வருகிறது. ஒயர் உறையாக இருக்கிற பிவிசி பிளாஸ்டிக்கில் குளோரின் நிறைய இருக்கிறது. எரித்தால் அமிலப் புகையாக வந்து தொண்டையையும் நெஞ்சையும் அறுக்கும், கூடவே டையாக்சின் என்கிற நஞ்சு உண்டாகும், அது உண்டாவதற்குச் செம்பே துணை செய்கிறது என்பதுதான் இதில் கொடுமை. அந்த நஞ்சு மண்ணிலும், அந்த மண்ணில் மேய்கிற ஆட்டின் பாலிலும் போய்த் தங்கும், சீக்கிரம் போகாது. சட்டத்திலும் குற்றம். எல்லாவற்றுக்கும் மேலே, எந்த லாபத்துக்காக எரிக்கிறீர்களோ அதுவும் கிடைப்பதில்லை. தீயில் வெந்த கம்பி கறுத்து, சாம்பல் ஒட்டி, மெல்லிய இழைகள் மொறமொறவென்று ஒடிந்து இரண்டாம் தரமாகிவிடும். கையால் உரித்த சிவப்புக் கம்பிக்கும் எரித்த கம்பிக்கும் எல்லாக் கடையிலும் விலை வேறு. தம்பிக்கு ஒரு பலகையில் பிளேடைப் பதித்து உரிப்பான் மாதிரி செய்து கொடுங்கள், இரண்டு மூன்று சாயங்காலத்தில் தடித்த ஒயர் முடிந்துவிடும். கைக்கு உறை மட்டும் போட்டுக்கொள்ளட்டும்.

அத்தான் சொன்ன ஸ்டெர்லைட் விஷயம். அந்த ஆலை 2018 மே மாதம் மூடியது, ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் செம்பு செய்யக்கூடிய ஆலை, அது நின்றதால் நாடு வெளியிலிருந்து செம்பு வாங்கும் நிலை வந்தது, எல்லாம் சரி. ஆனால் அதனால் பழைய செம்புக்கு இங்கே விலை இல்லாமல் போகவில்லை. செம்பின் விலை லண்டன் உலோகச் சந்தையில் டாலரில் முடிவாகிறது, நம் நாட்டில் எம்சிஎக்ஸ் என்கிற பண்ட வர்த்தகச் சந்தையில் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஓடுகிறது, தூத்துக்குடியானாலும் திங்கள்சந்தையானாலும் அதை ஒட்டித்தான். இரண்டு சாக்குக்காக வண்டி பிடித்துத் தூத்துக்குடி போவது வாடகைக்கே சரியாகிவிடும், வேண்டாம். அங்கே உங்களுக்குத் தெரிந்த ஆளும் இருக்கப்போவதில்லை, சொன்ன விலைக்குக் கொடுக்காமல் திரும்பிவர மனமும் வராது.

எம்சிஎக்ஸ் விலையை யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம், காசு கிடையாது. விற்கப்போகிற நாளில் காலையில் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது புதுச் செம்பின் மொத்த விலை என்பதை மறக்கவேண்டாம், அதே விலையை உங்களுக்கு யாரும் தர முடியாது, வாங்குகிறவருக்கு உருக்கும் செலவு, வண்டி, கழிவு, லாபம் எல்லாம் அதற்குள்தான். ஆனாலும் உரித்த சுத்தக் கம்பிக்கு அந்த விலையில் நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே சொன்னால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவேன். சனி, ஞாயிறு அந்தச் சந்தை கிடையாது, அந்த நாளில் கடைக்காரர்கள் கொஞ்சம் கையை இழுத்துப் பிடித்தே விலை சொல்வார்கள், வார நாளில் போங்கள். இன்னும் ஏறும் என்று மாதக்கணக்கில் வைத்துக் காத்திருக்கும் யோசனையும் உங்கள் அளவுக்குத் தேவையில்லை, ஏறுவது போல இறங்கவும் செய்யும், அதுவரை சாக்கு கிடக்கிற இடத்துக்கு யார் காவல்?

ஜிஎஸ்டி பேரைச் சொல்லி உங்களிடம் பிடித்தம் செய்யப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வீட்டில் புழங்கிய சாமானை விற்கிறீர்கள், வியாபாரம் செய்யவில்லை. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாத ஆட்களிடம் உலோகக் கழிவு வாங்கினால் பதிவு பெற்ற வியாபாரியே வரியைக் கட்டவேண்டும் என்று விதி வந்திருக்கிறது, கட்டியதை அவர் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. உங்கள் தொகையில் கை வைக்க அது காரணம் ஆகாது.

இனி உருளி. தங்கச்சி, அதை இந்தக் கூட்டத்திலிருந்து இப்போதே எடுத்து உள்ளே கொண்டு வையுங்கள். அம்மாவிடம் கேளுங்கள், வெண்கலமா பித்தளையா என்று, அந்தக் காலத்து ஆட்களுக்குக் கண்டிப்பாகத் தெரியும். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். துத்தநாகம் செம்பை விட ரொம்ப மலிவு, அதனால் பித்தளை விலை செம்புக்குக் கீழே நிற்கும். வெண்கலம் என்றால் செம்பும் வெள்ளீயமும், நல்ல வார்ப்பு வெண்கலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சுற்றி வெள்ளீயம் இருக்கும், வெள்ளீயமோ செம்பை விட இரண்டு மடங்குக்கு மேல் விலை. ஆக, வெண்கல உருளியைப் பித்தளை என்று போட்டுவிட்டால் நஷ்டம் சின்னதல்ல. எங்கள் தொழிலில் வீட்டுப் பெண்கள் அதிகமாக இழப்பது செம்புக் கம்பியில் இல்லை, இந்த இடத்தில்தான், அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு கேட்பதில்லை.

கண்டுபிடிக்க, உருளியைத் துணிச் சுருணை மேலே வைத்து, விரல் முட்டியால் விளிம்பில் தட்டுங்கள். வெண்கலம் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். சுத்தியலால் தட்டக் கூடாது, வெண்கலம் கடினம், ஆனால் அடி தாங்காமல் விரியும். விரிசல் ஏற்கெனவே இருந்தால் ஒலி கெட்டிருக்கும், அப்போது அடியில் ஒரு ஓரத்தில் அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள், பித்தளை நல்ல மஞ்சள், வெண்கலம் அவ்வளவு மஞ்சளாக இராது, கொஞ்சம் சாம்பல் கலந்த நிறம்.

விரிசல் இல்லாத உருளியை எடைக்குக் கொடுப்பதே வீண். நம் ஊரில் கல்யாணச் சமையல்காரர்கள் பாயசத்துக்கு இன்றைக்கும் பழைய உருளியையும் வார்ப்பு என்கிற பெரிய சமையல் பாத்திரத்தையும் தேடித் தேடி வாங்குகிறார்கள், புதுசு வாங்கப் போனால் அந்த எடைக்கு என்ன விலை என்று வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பாத்திரக் கடையில் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே புரியும். பாத்திரமாக விற்றால் உலோக விலைக்கு மேலே கிடைக்கும். 1956 நவம்பருக்கு முன்னால், இந்தப் பக்கம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், சீதனமாக வந்த பாத்திரங்களில் பேர் வெட்டியிருப்பார்கள். உங்கள் உருளியின் விளிம்பில் பாட்டியின் பேரோ வீட்டுப் பேரோ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் விற்பதா வேண்டாமா என்பதை அம்மாவும் நீங்களும்தான் முடிவு செய்யவேண்டும், என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். டப்பாவின் அடியில் திருவிதாங்கூர்ச் செப்புக் காசு கிடந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதைச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சாமி விக்கிரகம், கோயில் மணி மாதிரி எதுவும் இருந்தால் எந்த ஆக்கர் கடைக்கும் கொண்டுபோகவே கூடாது, நூறு வருஷம் தாண்டியவற்றுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் தொந்தரவு.

வெந்நீர்ப் பானை செம்புதான், ஆனால் தகடு மெல்லிசு, ஒட்டுப்போட்ட இடத்தில் ஈயப் பற்று, உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கலாம், பிடி வேறு உலோகமாக இருக்கலாம். பிடியைக் கழற்றிவிட்டுத் தனியாகக் கொடுங்கள், கம்பி விலை கிடைக்காது, அதற்காக வருத்தப்படவேண்டாம். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் புளி போட்டுத் தேய்த்து நேரத்தை வீணாக்கவும் வேண்டாம், எடைக்கு வாங்குகிறவர் பளபளப்புக்குக் காசு தரமாட்டார். கடல்காற்று படுகிற வீடுகளில் ஒயர் முனையும் இப்படிப் பச்சையாகிக் கிடக்கும், அந்த முனையை மட்டும் நறுக்கி இரண்டாம் தரக் குவியலில் போட்டுவிட்டால் மீதிக் கம்பி முதல் தரத்தில் நிற்கும். நாலு விரல்கடை பச்சைக்காக முழுச் சுருளையும் தரம் இறக்க விடாதீர்கள்.

மோட்டாரை உடைப்பதற்கு முன்னால் ஒரு ரீவைண்டிங் கடையில் காட்டுங்கள். உள்ளே சுற்றியிருக்கிற கம்பிச் சுருள், அதாவது காயில், மட்டும் கருகி, பாடியும் ஷாஃப்டும் நன்றாக இருந்தால் புதுசாகச் சுற்றி ஓட வைக்கலாம், இல்லையென்றாலும் பழைய மோட்டாராகவே யாராவது எடுப்பார்கள், இரண்டுமே எடைக்குப் போடுவதை விட மேல். ரீவைண்டிங் கொடுத்தால் ஒரு விஷயம் முதலிலேயே பேசிவிடுங்கள், பழைய காயில் செம்பு யாருக்கு என்று. பேசாமல் விட்டால் அது கடையிலேயே தங்கிவிடும், அது ஒன்றிரண்டு கிலோ வரலாம். ஒன்று செம்பைத் திரும்ப வாங்குங்கள், இல்லை கூலியில் கழிக்கச் சொல்லுங்கள். இரண்டும் மரியாதையான கேள்விதான், கேட்க யோசிக்கவேண்டாம்.

ஃபேனில் கவனம் வேண்டும். பழைய கனமான ஃபேனாக இருந்தால் உள்ளே செம்புதான், ஒரு ஃபேனுக்குக் கால் கிலோவுக்கு முன்னே பின்னே வரும். பிற்காலத்து மலிவு ஃபேன்களில் அலுமினியக் காயில் இருக்கிறது, மேலே பூசிய எனாமல் செம்பு நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, பிளேடால் சுரண்டினால்தான் தெரியும். கடையில் போய் அவர் சுரண்டிக் காட்டி நீங்கள் முகம் வாடுவதை விட, வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது. கழற்றும்போது கப்பாசிட்டரைத் தனியாக எடுத்து வையுங்கள். மோட்டாரிலும் அப்படித்தான், அண்மையில் ஓடிய மோட்டாராக இருந்தால் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், முனையை வெறுங்கையால் தொடக் கூடாது, வயரிங் செய்த எலக்ட்ரீஷியனையே கழற்றித் தரச் சொல்லுங்கள்.

குழாய்த் திருகு பித்தளையா என்று சுரண்டிப் பாருங்கள், மேலே வெள்ளை முலாம் இருந்தாலும் உள்ளே மஞ்சளாக இருக்கலாம், உள்ளே இருக்கிற ரப்பர், இரும்புத் திருகாணியைக் கழற்றிவிட்டால் பித்தளை விலை முழுசாகக் கிடைக்கும். கம்ப்ரசரை மட்டும் யாரும் வீட்டில் உடைக்கவேண்டாம், உள்ளே எண்ணெயும் மிச்ச வாயுவும் இருக்கும், அப்படியே உருப்படிக் கணக்கில் கொடுத்துவிடுங்கள். அதிலிருந்து வெளியே வருகிற சின்னக் குழாய்களைச் சுரண்டிப் பாருங்கள், செம்பாக இருந்து, வாயு ஏற்கெனவே இறக்கியிருந்தால் அதை நறுக்கித் தனியாகக் கொடுக்கலாம்.

பிரித்து முடித்தபிறகு ஒவ்வொரு வகையையும் தனிக் கட்டாகக் கட்டி, பழக்கமான மளிகைக் கடையில் எடை போட்டு, கட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். நம் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு, சாக்கு நனைந்தால் "ஈரக் கழிவு" என்று எடுப்பார்கள், அதனால் சாய்ப்பில் இல்லாமல் உள்ளே வையுங்கள். கடைத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போடவேண்டும், அந்தச் சான்றிதழைக் கடையில் தெரியும்படி மாட்டியிருக்கவேண்டும். முதலில் தராசு சைபர் காட்டுகிறதா பாருங்கள், பிறகு நீங்கள் எழுதி வைத்த ஒரு கட்டை மட்டும் ஏற்றுங்கள். இரண்டு எடையும் ஒத்துப்போனால் மீதியை ஏற்றலாம், கிலோக் கணக்கில் இடித்தால் சண்டை போடாமல் கட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எடை குறைத்துப் போடுகிற கடை என்று உறுதியானால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

எங்கே போவது? தக்கலை, நாகர்கோவில், மார்த்தாண்டம் மூன்று இடத்திலும் ஒவ்வொரு கடைக்குப் போன் போடுங்கள். "செம்பு என்ன விலை" என்று கேட்டால் ஆசை காட்டுகிற ஒரு விலையைச் சொல்லி வரவைத்து, வந்தபிறகு குறைப்பார்கள். இப்படிக் கேளுங்கள்: "கையால் உரித்த சிவப்புக் கம்பி இத்தனை கிலோ, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி இத்தனை, உறையோடு செம்பு ஒயர் இத்தனை, பித்தளை இத்தனை, தனித்தனி விலை சொல்லுங்கள், எரித்தது ஒன்றும் இல்லை." இப்படிக் கேட்கிற ஆளுக்குச் சொல்கிற விலையே வேறு. மூன்றையும் எழுதிவைத்து, நல்லதாகச் சொன்ன கடைக்குச் சாமானைக் கொண்டுபோங்கள், கூட யாரையாவது அழைத்துக்கொண்டு. வாசலுக்கு வந்த ஆக்கர்காரரை ஒதுக்கவும் வேண்டாம், அவர் வெயிலில் சுற்றிப் பிழைக்கிற மனுஷன், இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக், பழைய பேப்பர் எல்லாம் அவரிடமே கொடுங்கள், அதற்கு அவர் தருவது பெரும்பாலும் கடை விலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

கடையில் ஆதார் நகல் கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்கிற கடைதான் நல்ல கடை. மின்வாரியக் கம்பியும் டெலிபோன் கேபிளும் திருட்டுப் போய் விற்கப்படுகிற காலம் இது, திருட்டுச் சொத்து என்று தெரிந்து வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் சிறை வரைக்கும் போகும், அதனால் நாங்கள் எல்லாரிடமும் கேட்கவேண்டியிருக்கிறது. வயரிங் மாற்றிய எலக்ட்ரீஷியன் பில்லையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால் இத்தனை ஒயர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. நகலில் "பழைய செம்பு விற்பனைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். வகைவாரியாக எடையும் விலையும் எழுதிய சீட்டு வாங்கிக்கொண்டு, பணத்தை முடிந்தவரை அக்கவுண்டில் போடச் சொல்லுங்கள். அந்த ரப்பர் ஒயரைச் சுரண்டியதில் என்ன நிறம் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், தங்கச்சி.